பத்து விநாடியும் ஐந்து மடங்கு நிலமும்

சென்னையிலிருந்து ‘சிங்கப்பூர் – மலேசியா’ தொகுப்புச் சுற்றுலாவில் போய் வந்த குடும்பங்களுக்கு உட்லண்ட்ஸ் என்ற பெயர் நினைவில் இருக்கிறதோ இல்லையோ, அந்த இடம் நினைவில் இருக்கும். சிங்கப்பூரில் ஏறிய பேருந்து ஒரு பெரிய கட்டடத்தின் அடியில் நிற்கும். எல்லாரும் இறங்கி, மாடியேறி, வரிசையில் நின்று, நாட்டைவிட்டு வெளியேறுவதைப் பதிவு செய்துகொண்டு, மறுபடி தங்கள் பேருந்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடல்பாலத்தைக் கடந்ததும் மலேசியாவின் ஜொகூர் பாருவில் மறுபடி இறக்கம்; இம்முறை பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அதே சடங்கு. வழிகாட்டி தலையெண்ணிக்கொண்டே இருப்பார். முட்டிவலிக்காரப் பெரியம்மா ஒருவர் கட்டாயம் பின்தங்குவார்.

அந்தச் சோதனைச்சாவடியைத்தான் சிங்கப்பூர் அரசு இப்போதுள்ள பரப்பைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்காக விரிவாக்க முடிவு செய்திருக்கிறது. 2025இல் தொடங்கும்படி வகுக்கப்பட்ட இந்தப் பணியின் முதல் கட்டம் 2028இலிருந்து படிப்படியாகப் பயன்பாட்டுக்கு வரும் என்றும், முழுவதும் முடிய 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. நெரிசல் நேரத்தில் ஒரு வாகனம் கடந்து செல்லச் சராசரியாக ஆகும் 60 நிமிடத்தை 15 நிமிடமாகக் குறைப்பது இலக்கு. ஒரு கைப்பேசிக் குறியீட்டைக் காட்டி இருபது விநாடியை மிச்சப்படுத்தலாம் என்று கண்டுபிடித்துவிட்ட அதே நாடு, எதற்காக இத்தனை நிலத்தையும் இத்தனை ஆண்டுகளையும் செலவழிக்கிறது என்பது விளக்கப்பட வேண்டிய கேள்வி. தரைவழி எல்லை எதுவும் இல்லாத, ஆனால் மீனம்பாக்கத்தில் ஒரு கூடத்துக்குள்ளேயே தன் பன்னாட்டு எல்லையை வைத்திருக்கும் சென்னைக்கும் அந்தக் கேள்வி அத்தனை தொலைவானதல்ல.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வது நல்லது. இமிகிரேஷன் கவுண்டரில் நடப்பதை நம் நாளிதழ்கள் பல ஆண்டுகளாகக் ‘குடியுரிமைச் சோதனை’ என்றே எழுதிவருகின்றன. அங்கே யாருடைய குடியுரிமையும் தீர்மானிக்கப்படுவதில்லை. இந்த ஆள் இந்தக் கடவுச்சீட்டுக்கு உரியவர்தானா, இந்த எல்லையைக் கடக்க அவருக்கு அனுமதி உண்டா, அவரைத் தடுக்கச் சொல்லி எங்காவது குறிப்பு இருக்கிறதா என்பவைதாம் பார்க்கப்படுகின்றன. சிங்கப்பூர்த் தமிழர்கள் அதைக் ‘குடிநுழைவு’ என்கிறார்கள். செய்யப்படும் வேலைக்கு அதுவே பொருத்தமான சொல் என்பதால் இக்கட்டுரையிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

குடிநுழைவுக் கூடம் என்பது கட்டடம்போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: தலா 250 பேர் கொண்ட மூன்று விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தரையிறங்குகின்றன, 25 கவுண்டர்கள் திறந்திருக்கின்றன, ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகிறது. மணிக்கு 1,500 பேர் கடக்க முடியும் என்பதால், 750ஆவது ஆள் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் ஆனால் அதுவே 45 நிமிடம். நேரத்தை மறுபடி ஒரு நிமிடமாக்கி, பத்து கவுண்டர்களில் ஆளில்லை என்று வைத்துக்கொண்டால் 50 நிமிடம். கூடத்தின் பரப்பு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூடத்தை இரட்டிப்பாக்கினால் வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் காற்றோட்டமாக நிற்பார்களே தவிர, ஒரு நிமிடம்கூட முன்னதாக வெளியே வரமாட்டார்கள்.

இதைவிட மோசமான ஒரு குணமும் வரிசைகளுக்கு உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற டென்மார்க்காரர், ஓர் இணைப்பகத்துக்கு எத்தனை தடங்கள் போதும் என்று கண்டறிய 1909இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வரிசைக் கோட்பாடு. ஆட்கள் ஒழுங்கின்றி வந்துசேரும் ஒற்றைக் கவுண்டரை எடுத்துக்கொண்டால், அது தன் திறனில் 80 சதவீதம் வேலை செய்யும்போது சராசரிக் காத்திருப்பு, ஓர் ஆளைக் கவனிக்கும் நேரத்தைப்போல நான்கு மடங்கு இருக்கும். 90 சதவீதம் ஆகும்போது அது ஒன்பது மடங்கு. 95 சதவீதத்தில் பத்தொன்பது மடங்கு. கூட்டம் கூடியது சிறிதளவே, வரிசை கூடியதோ பேரளவு. நேற்றுவரை ஒழுங்காக நகர்ந்த இடம் தீபாவளி வார இறுதியில் திடீரென்று உறைந்துபோவது நிர்வாகத்தின் சோம்பலால் மட்டும் அல்ல. விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அமைப்பு விளிம்பைத் தொட்டுவிட்டது என்பதாலும்தான்.

உட்லண்ட்ஸ் வெகுகாலமாக அந்த விளிம்பில்தான் ஓடுகிறது. பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்டது. அப்போது இரு கரைகளும் பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்ததால் அங்கே எல்லை என்ற ஒன்றே இல்லை. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967இல் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. இப்போதுள்ள சோதனைச்சாவடி 1999இல் திறக்கப்பட்டது. பெருந்தொற்றுக்கு முன்பே நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் அதைக் கடந்துகொண்டிருந்தார்கள். 2050இல் அது 4 லட்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு. சென்னை விமான நிலையத்தை ஆண்டு முழுவதும் பயன்படுத்துவோர் இரண்டு கோடிக்குச் சற்று மேல், அதாவது நாளொன்றுக்கு அறுபதாயிரம் பேர் அளவில்தான். அவர்களிலும் பெரும்பாலோர் உள்நாட்டுப் பயணிகள். மீனம்பாக்கம் முழுவதையும்போல ஐந்து மடங்குக் கூட்டம், அத்தனையும் வெளிநாட்டுப் பயணம், அதிலும் பெரும்பகுதி காலையில் ஒரு திசை, மாலையில் மறு திசை. ஜொகூரில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியர்கள் விடியலுக்கு முன்பே மோட்டார் சைக்கிள்களில் திரளுகிறார்கள். சிங்கப்பூர்க்காரர்களோ வார இறுதியில் மலிவாகப் பொருள் வாங்கவும் பெட்ரோல் நிரப்பவும் எதிர்த் திசையில் கிளம்புகிறார்கள்.

இந்தக் கூட்டத்தைச் சமாளிக்கச் சிங்கப்பூர் முதலில் கைவைத்தது விநாடிகளில்தான். 2024 மார்ச் 19 முதல் காரில் வருபவர்கள் கடவுச்சீட்டைக் கையிலெடுத்து நீட்டத் தேவையில்லை. காரில் உள்ள பத்துப் பேர்வரை சேர்த்து ஒரே க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் உருவாக்கிக் காட்டினால் போதும். நான்கு பேர் உள்ள காருக்கு இதனால் சுமார் 20 விநாடியும் பத்துப் பேர் உள்ள வண்டிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமும் மிச்சமாகும் என்று அந்நாட்டுக் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் கணக்கிட்டது. இருபது விநாடிதானே என்று தோன்றும். ஒரு காருக்கு 80 விநாடி ஆகும் தடத்தில் மணிக்கு 45 கார்கள் போகும்; 60 விநாடி ஆனால் 60 கார்கள். மூன்று தடம் உள்ள இடத்தில் செங்கல் வைக்காமலேயே நான்காவது தடம் கிடைத்த மாதிரி. சாங்கி விமான நிலையத்திலும் 2024இல் முகத்தையும் கண்ணின் கருவிழிப்படலத்தையும் பார்த்துக் கதவைத் திறக்கும் முறை வந்தபின் 25 விநாடி வேலை 10 விநாடியானது. விரல்ரேகைக்குப் பதிலாகக் கருவிழியையும் முகத்தையும் முதன்மை அடையாளமாக அந்த நாடு 2020இலேயே மாற்றிக்கொண்டதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: சிமெண்டிலும் ரசாயனத்திலும் வேலை செய்து தேய்ந்த விரல்களையும், முதுமையில் வரி மறைந்த விரல்களையும் கருவி படிப்பதில்லை. ரேஷன் கடையில் கைநாட்டுக் கருவியின் முன் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கும் பாட்டியைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நிலம் எதற்கு? விநாடிகளால் தீர்க்க முடியாத மூன்று நான்கு சிக்கல்கள் உட்லண்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சரக்கு லாரி, பேருந்து, கார், மோட்டார் சைக்கிள், நடந்து வருபவர் ஆகிய எல்லாரும் ஒரே குறுகிய வாயிலை நோக்கி வருகிறார்கள். லாரியைச் சோதிக்க ஆகும் நேரமும் மோட்டார் சைக்கிளைச் சோதிக்க ஆகும் நேரமும் ஒப்பிடக்கூடியவை அல்ல. ஒரு வகை தேங்கினால் மற்றதையும் அடைத்துக்கொள்கிறது. காத்திருக்கும் வாகனங்களுக்கு உள்ளே இடமில்லாததால் அவை பாலத்தின் மேலும், மறுபுறம் புக்கித் தீமா விரைவுச்சாலையிலும் நிற்கின்றன. எல்லைக்கே போகாத உள்ளூர்க்காரரும் அந்த நெரிசலில் சிக்குகிறார். சந்தேகத்துக்குரிய பொருள் ஏதேனும் அகப்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் மூடிவிட்டு மற்றவற்றை இயக்கும் அளவுக்கு இடைவெளியும் வேண்டும். இவை எதையும் கைப்பேசிச் செயலியால் செய்ய முடியாது.

இவற்றுக்கும் மேலான காரணம், இந்தச் சாவடியை ஒரு நாள்கூட மூட முடியாது என்பது. குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்: முதலில் பக்கத்தில் ஒரு கொட்டகை போட வேண்டும், அடுப்பை அங்கே மாற்ற வேண்டும், அதன்பிறகுதான் சமையலறைச் சுவரில் கடப்பாரையை வைக்கலாம். உட்லண்ட்ஸின் கொட்டகை, இடிக்கப்பட்டுவிட்ட பழைய உட்லண்ட்ஸ் நகர மையம் இருந்த நிலம். முதலில் அங்கே ஒரு நீட்சியைக் கட்டி, போக்குவரத்தின் ஒரு பகுதியை அங்கே நகர்த்தி, காலியாகும் இடத்தை இடித்துக் கட்டி, அடுத்த பகுதியை நகர்த்தி என்று போகிறது திட்டம். 15 ஆண்டு என்பதன் பொருள் இதுதான்.

அதற்கான விலையை எல்லாப் பெருந்திட்டங்களையும்போல அருகில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். மார்சிலிங் லேனில் 210 முதல் 218 வரை எண்ணிட்ட ஒன்பது வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கட்டடங்கள் கையகப்படுத்தப்படும் என்று 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. விற்கப்பட்ட வீடுகள் மட்டும் 732. குடியிருந்தோருக்கு இழப்பீடும் உட்லண்ட்ஸிலேயே புது வீடு வாங்கும் வாய்ப்பும் தரப்பட்டன. ஆனாலும் நாற்பது ஆண்டு அக்கம்பக்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பரந்தூர் விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடிவருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இதன் கனம் புரியும். இழப்பீட்டு முறையிலும் நிலத்தின் தன்மையிலும் இரண்டும் ஒன்றல்ல என்றாலும், பயணம் எளிதாவது ஒருவருக்கு, இடம்பெயர்வது வேறொருவருக்கு என்பது இரண்டிலும் பொது.

ஐந்து மடங்கு நிலமும் பத்து விநாடியும் சேர்ந்தால்கூட உத்தரவாதம் இல்லை என்பதற்கு அமெரிக்க – மெக்சிகோ எல்லையில் உள்ள சான் இசிட்ரோ சான்று. 741 மில்லியன் டாலர் செலவில் மூன்று கட்டங்களாக 2019இல் முடிக்கப்பட்ட அந்த விரிவாக்கத்தில், வடக்கு நோக்கி வரும் வாகனங்களுக்கு 34 தடங்களும் 62 சோதனைச் சாவடிகளும் அமைக்கப்பட்டன. நாள்தோறும் வாகனங்களில் சுமார் 70,000 பேரும் நடந்து சுமார் 20,000 பேரும் வடக்கே கடக்கிறார்கள். தடங்களைவிடச் சாவடிகள் அதிகமாக இருப்பதற்குக் காரணம், ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு சாவடிகளை வைத்ததுதான். தாளில் இது திறனை இரட்டிப்பாக்கும். நடைமுறையில், முன்னால் உள்ள காரை அதிகாரி நிறுத்தி விசாரித்தால் பின்னால் வேலை முடிந்த கார் நகர முடியாமல் நிற்கும். அங்கே 2016இல் மேற்குப் பக்கத்தில் பாதசாரிகளுக்கென்று தனி வாயில் ஒன்று திறக்கப்பட்டது. பெருந்தொற்றில் மூடப்பட்ட அது 2023 ஜனவரியில் குறைந்த நேரத்துக்கு மட்டும் திறந்தது; அந்த ஆண்டு டிசம்பரில் அதிகாரிகள் வேறு பணிக்குத் தேவைப்பட்டதால் மறுபடி மூடப்பட்டது. கட்டடம் அங்கேயேதான் இருந்தது, ஆள்தான் இல்லை.

விரிவாக்கம் பற்றிய செய்திகளில் வழக்கமாக விடுபடும் பகுதி இதுவே. சோதனைக்கான விநாடிகள் யாருக்குச் சொந்தம்? சிங்கப்பூரில் குடிநுழைவுத் துறையும், சோதனைச்சாவடிகளில் சுங்கத் துறை செய்துவந்த வேலையும் 2003 ஏப்ரலில் ஒரே ஆணையத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. ஆளையும் பெட்டியையும் வண்டியையும் ஒரே அமைப்பு பார்க்கிறது. அமெரிக்காவிலும் அதே ஆண்டு மார்ச்சில் சுங்க, எல்லைப் பாதுகாப்புப் பணிகள் ஒன்றாக்கப்பட்டன. ஆனால் கட்டடம் வேறொரு அரசு அமைப்புக்குச் சொந்தம். இந்தியத் தரை எல்லைகளில் இந்தச் சிதறலைக் குறைக்கத்தான் 2012 மார்ச்சில் நில துறைமுக ஆணையம் தொடங்கப்பட்டது. வங்கதேச எல்லையில் உள்ள பெட்ராபோல் அதன் கீழ்தான் இயங்குகிறது. மீனம்பாக்கத்திலோ கட்டடம் விமான நிலைய ஆணையத்துடையது, அதாவது விமானப் போக்குவரத்து அமைச்சகம். குடிநுழைவுக் கவுண்டர் உள்துறை அமைச்சகத்தின் குடிநுழைவுப் பிரிவு. சுங்கம் நிதி அமைச்சகம். பைகளைத் துழாவுவது மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. விமானங்கள் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதைக் கேட்டுப் பெறுவது விமான நிறுவனங்கள். வரிசையில் நிற்பவருக்கு இவையெல்லாம் ‘ஏர்போர்ட்’.

மீனம்பாக்கத்தின் எல்லை நள்ளிரவில்தான் விழித்துக்கொள்கிறது. வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்கள் அங்கே காலை இணைப்பைப் பிடிக்க வசதியாக இங்கிருந்து பின்னிரவில் கிளம்புகின்றன. கிழக்கே போகும் விமானங்களில் பலவும் விடியலில் போய்ச் சேரும்படி அதே நேரத்தில் புறப்படுகின்றன. பகலில் ஆளரவம் குறைந்து கிடக்கும் கூடம் இரவில் நிரம்பும். முன்சொன்ன எர்லாங் கணக்கில் சராசரிக்கு மதிப்பே இல்லை. உச்ச நேரத்துக்குத்தான் மதிப்பு. 2023 ஏப்ரல் 8இல் திறந்துவைக்கப்பட்டு ஜூலையில் பன்னாட்டுச் சேவைக்கு வந்த இரண்டாம் முனையத்தின் முதல் கட்டம் ரூ. 1,260 கோடியில் கட்டப்பட்டது. சுமார் 1.36 லட்சம் சதுர மீட்டர் பரப்புள்ள அது, நிலையத்தின் ஆண்டுத் திறனை 2.3 கோடியிலிருந்து 3 கோடிப் பயணிகளாக உயர்த்தியது என்கிறது அரசு. இரண்டாம் கட்டம் முடிந்தால் 3.5 கோடி. பழைய அண்ணா பன்னாட்டு முனையம் இருந்த இடத்தில்தான் அது வருகிறது. இங்கும் அடுப்பை மாற்றிவிட்டுச் சமையலறையை இடித்த கதைதான். ஆனால் இவை ஆண்டுக் கணக்குகள். இரவு ஒரு மணிக்கு எத்தனை கவுண்டரில் ஆள் இருக்கிறார் என்பதை அவை சொல்வதில்லை.

விநாடிகளைக் குறைத்ததில் இந்தியா செய்த மிகப் பயனுள்ள வேலை, எனக்குத் தெரிந்தவரை, ஒரு தாளை ஒழித்ததுதான். இந்தியர்கள் நாட்டுக்குத் திரும்பும்போது நிரப்ப வேண்டிய வருகை அட்டை 2014இலும், புறப்படும்போது நிரப்ப வேண்டிய அட்டை 2017 ஜூலை 1இலும் கைவிடப்பட்டன. அதற்கு முன் விமான நிலையத்தில் நின்றவர்களுக்குக் காட்சி நினைவிருக்கும்: பேனா கிடைக்காமல் அலைவது, விமான எண்ணை மறந்துபோவது, பெட்டியின் மேல் அட்டையை வைத்து எழுதும்போது பேனா முனை அட்டையைக் குத்திக் கிழிப்பது. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் கட்டட வேலைக்குப் போகும் யாராவது ஒருவர் கடவுச்சீட்டையும் வெற்று அட்டையையும் சேர்த்து நீட்டி, “கொஞ்சம் எழுதிக் கொடுங்க சார்” என்பார். ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். வெளிநாட்டவர்களுக்கான வருகை அட்டையும் 2025 அக்டோபர் 1 முதல் இணையத்தில் முன்கூட்டியே நிரப்பும்படி மாறிவிட்டது.

அடுத்தது தானியங்கிக் கதவு. 2024 ஜூனில் தில்லியில் தொடங்கிய விரைவுக் குடிநுழைவுத் திட்டம் 2025 ஜனவரி 16இல் சென்னை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி உள்ளிட்ட மேலும் ஐந்துக்கும் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்பவர்களும் இணையத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்தபின் விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதிந்துவிட்டால், அதன்பின் போர்டிங் பாஸையும் கடவுச்சீட்டையும் கருவியில் காட்டி முகத்தை நிமிர்த்தினால் கதவு திறந்துவிடும். பதிவு அதிகபட்சம் ஐந்து ஆண்டு, அல்லது கடவுச்சீட்டு காலாவதியாகும் வரை செல்லும்.

இந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்று பார்த்தால் நவீனமயமாக்கலின் உள்முரண் தெரியும். மாதம் ஒருமுறை சிங்கப்பூர் போய்வரும் மென்பொருள் மேலாளருக்கு முன்பதிவு செய்வது லாபம். அவருக்கு ஏற்கெனவே கவுண்டரில் அதிக நேரம் ஆகியிருக்காது. வரிசையை உண்மையில் நீட்டிப்பது வேறு வகைப் பயணம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாக ‘இசிஆர்’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஏமாற்றுக்காரத் தரகர்களிடமிருந்து அவர்களைக் காக்க வந்த ஏற்பாடு அது. சுற்றுலா விசாவில் போகிறேன் என்பவர் உண்மையில் வேலைக்குத்தான் போகிறாரா என்று அதிகாரி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே தங்குவீர்கள், யார் அழைத்தார்கள், திரும்பிவர டிக்கெட் உண்டா என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். கேள்வி ஒரு மொழியிலும் பதில் வேறொரு மொழியிலும் இருந்தால் இரட்டிப்பு நேரம். இங்கே பத்து விநாடியை இலக்காக வைப்பது ஆபத்தும்கூட. அந்த இரண்டு நிமிடப் பேச்சில்தான் ஓர் ஆள் மோசடியிலிருந்து தப்பிய சம்பவங்கள் உண்டு. தானியங்கிக் கதவுகளின் சரியான பயன், அடிக்கடி போகிறவர்களை வரிசையிலிருந்து பிரித்தெடுத்து, இப்படிப்பட்டவர்களிடம் பேச அதிகாரிக்கு நேரம் மீட்டுத் தருவது. மிச்சமாகும் ஆட்களை வேறு பணிக்கு மாற்றிவிட்டால் அந்தப் பயன் காணாமல் போய்விடும்.

உட்லண்ட்ஸுக்குத் திரும்பினால், அங்கேயும் தீராத ஒன்று மிச்சமிருக்கிறது. சாவடி ஐந்து மடங்கு ஆனாலும் பாலம் அதே 1,056 மீட்டர்ப் பாலம்தான். அதன் மறுமுனையில் உள்ள மலேசியச் சாவடி அதே வேகத்தில் நகராவிட்டால் வரிசை ஒழியாது, இடம் மட்டுமே மாறும். அதனால்தான் இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சாவடியே அல்ல, பக்கத்தில் உருவாகும் ரயில். ஜொகூரின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்தையும் இணைக்கும் இந்த 4 கிலோமீட்டர்ப் பாதையில் பயணம் ஐந்து நிமிடம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை செல்லலாம். இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள் என்பதுதான் இதன் சிறப்பு. புறப்படும் நிலையத்திலேயே ஒரு நாட்டை விட்டு வெளியேறி மறு நாட்டுக்குள் நுழைந்துவிடலாம்; போய்ச் சேரும் இடத்தில் சோதனை கிடையாது. இரண்டு வரிசைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர, ஓர் நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு மண்ணில் தன் சட்டத்தின்படி செயல்பட அனுமதிக்கும் உடன்பாடு தேவைப்பட்டது. பெட்டியோடு இரண்டு முறை இறங்கி ஏறிய பெரியம்மா, அடுத்த முறை ரயிலில் போனால் ஒரே இடத்தில் இரண்டு அதிகாரிகளையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். பேருந்துத் தொகுப்பிலேயே போனால் இறங்கி ஏற வேண்டியதுதான்.